எவ்வளவு என்று கேட்டாலே தோற்றோம்

நங்கநல்லூரில் 27 வருஷமாகக் குடியிருக்கிறேன். ஆட்டோக்காரரிடம் பேரம் பேச எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்று ஒரு மிதப்பு எப்போதும் உண்டு. தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை மாம்பலம் ரங்கநாதன் தெரு முனையில் இரண்டு கையிலும் பையோடு நின்றுகொண்டு, 400 கேட்டவரை 250க்கு இறக்கியிருக்கிறேன். அதற்கு ஒரு முறை இருக்கிறது. முகத்தில் அவசரமே தெரியக் கூடாது. "வேணாம் விடுங்க, பஸ்ல போயிக்கிறோம்" என்று நடையைக் கட்ட வேண்டும். பத்தடி போவதற்குள் பின்னாலிருந்து "சரி வாங்க மேடம், கேட்டதையே குடுங்க" என்று குரல் வரும். அது வரும்வரை திரும்பிப் பார்க்கக் கூடாது.

இந்தக் கலையை நம்பித்தான் 2017ல் பாங்காக்கில் போய் இறங்கினோம்.

நானும் வீட்டுக்காரரும் மட்டும். முதல் வெளிநாட்டுப் பயணம். ராத்திரி சென்னையில் ஏறி, விடியற்காலை சுவர்ணபூமி விமான நிலையத்தில் இறங்கினோம். தூக்கமே இல்லை. அப்போதெல்லாம் அங்கேயே வரிசையில் நின்று விசா வாங்க வேண்டும். அந்த வரிசையில் நின்றதிலேயே கால் கழன்றுவிட்டது. பெட்டியை இழுத்துக்கொண்டு வெளியே வந்தால், கழுத்தில் அடையாள அட்டை தொங்க, வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் "டாக்சி? டாக்சி?" என்று எதிரே வந்தார். கையில் லேமினேட் செய்த அட்டை. ஊர் ஊராக விலை அச்சடித்திருந்தது. எங்கள் ஹோட்டல் இருந்த பிரதுனாமுக்கு நேரே 1,200 பாட்.

எனக்குள் இருந்த ரங்கநாதன் தெருக்காரி விழித்துக்கொண்டாள். 600 என்றேன். சிரித்தார். நான் நடையைக் கட்டினேன். சொல்லிவைத்த மாதிரி ஏழாவது அடியில் குரல் வந்தது. கடைசியில் 900. வண்டியில் ஏறியதும் வீட்டுக்காரரை ஒரு பார்வை பார்த்தேன். எப்படி என்று கேட்கிற பார்வை.

ஹோட்டல் வரவேற்பில் இருந்த பெண், டாக்சிக்கு எவ்வளவு கொடுத்தீர்கள் என்று பேச்சுவாக்கில் கேட்டாள். சொன்னேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. கால்குலேட்டரை எடுத்து 400 என்று தட்டி என் பக்கம் திருப்பிக் காட்டினாள். மீட்டர், விமான நிலையக் கட்டணம், சுங்கம் எல்லாம் சேர்த்து அவ்வளவுதான் ஆகுமாம். ஒரு பாட் அப்போது நம் காசுக்குச் சுமார் 2 ரூபாய். அதாவது ஆயிரம் ரூபாயைத் தூக்கிக் கொடுத்துவிட்டு, 600 ரூபாய் மிச்சம் பிடித்த சந்தோஷத்தில் வந்து நின்றிருக்கிறேன்.

பணம் போனதைவிட, எங்கே தப்பு செய்தேன் என்பதுதான் அன்றைக்கு முழுக்க உறுத்தியது. நடையைக் கட்டும் வித்தை அங்கேயும் பலித்ததே! யோசித்துப் பார்த்தால், மாம்பலத்தில் என் பலம் நடையில் இல்லை. அங்கிருந்து நங்கநல்லூருக்கு நியாயமாக எவ்வளவு ஆகும் என்பது எனக்கு மனப்பாடம். அந்த எண் கையில் இருப்பதால்தான் என்னால் நடக்க முடிகிறது. பாங்காக்கில் என்னிடம் எண்ணே இல்லை. அவர் சொன்ன 1,200ஐ வைத்துத்தான் என் பேரமே ஓடியது. பாதிக்குப் பாதி கேட்டேன் என்று நினைத்த 600 கூட அவருக்கு லாபம்தான். எவ்வளவு என்று நாம் கேட்ட அந்த நிமிஷமே விலை வைக்கும் உரிமை எதிராளி கைக்குப் போய்விடுகிறது. அதற்குப் பிறகு நாம் பேசுவதெல்லாம் அவர் பக்கத்து மைதானத்தில் ஆடுவதுதான்.

இன்னொரு சங்கதி, திரும்பி வரும்போதுதான் தெரிந்தது. அந்த விமான நிலையத்தில் பயணிகள் வெளியே வருவது இரண்டாவது தளம். மீட்டர் டாக்சி வரிசை அதற்குக் கீழே, முதல் தளத்தில். அங்கே ஒரு இயந்திரம் சீட்டு துப்பும். சீட்டில் எந்தத் தடத்தில் வண்டி நிற்கிறது என்ற எண் இருக்கும். போய் ஏறிக்கொள்ள வேண்டியதுதான். மீட்டர் 35 பாட்டில் தொடங்கும். நாங்கள் போனபோது விமான நிலையத்துக்கென்று தனியாக 50 பாட், சுங்கம் நம் செலவு. அந்தச் சீட்டை ஓட்டுநரிடம் கொடுத்துவிடாமல் கையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். ஏதாவது தகராறு என்றால் புகார் சொல்ல அதுதான் ஆதாரம். அங்கே தரைப் போக்குவரத்துத் துறைக்குப் புகார் எண் 1584, சுற்றுலாப் போலீஸுக்கு 1155. இவ்வளவு ஏற்பாடும் ஒரு எஸ்கலேட்டர் தூரத்தில் இருந்தது. நாங்கள் கீழே இறங்கவில்லை, அவ்வளவுதான். மேல் தளத்தில் ஆள் பிடிப்பவர்கள் நிற்பதற்குக் காரணமே, களைத்து வருகிறவர்கள் அந்த ஒரு மாடியைக் கூட இறங்க மாட்டார்கள் என்பதுதான்.

சரி, பாங்காக்கில் அடுத்த நாளே அடுத்த பாடம். அரண்மனை பார்க்கப் போனோம். வாசலுக்குக் கொஞ்சம் முன்னாலேயே, நன்றாக உடுத்திய பெரியவர் ஒருவர் நிறுத்தி, "இன்றைக்குப் பூஜை, மத்தியானம்தான் திறப்பார்கள்" என்றார். பரிதாபப்பட்ட மாதிரி, நம் ஆட்டோ போன்ற ஒரு டுக் டுக்கைக் கை தட்டிக் கூப்பிட்டார். வெறும் 20 பாட்டுக்கு மூன்று கோயில் காட்டிக் கூட்டி வருவாராம். 20 பாட் என்றால் 40 ரூபாய். நங்கநல்லூரில் அந்தக் காசுக்கு ஆஞ்சநேயர் கோயில் வரைகூட யாரும் வர மாட்டார்கள்.

அப்போதுதான் வீட்டுக்காரர் முதல் தடவையாக வாயைத் திறந்தார். "இது நம்ம மாமல்லபுரத்துக் கதை" என்றார். அவர் சொன்னது சரி. அங்கே வெளியூர்க்காரர்களை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு, கடற்கரைக் கோயிலுக்குப் போகும் வழியில் ஒரு சிற்பக் கடையில் இறக்கி விடுவார்களே, அதேதான். அங்கே கல் சிலை, இங்கே நவரத்தினக் கடையும் தையல் கடையும். சவாரிக் கூலி ஓட்டுநருக்குப் பொருட்டே இல்லை. உள்ளே ஆள் விட்டதற்குக் கடைக்காரர் கொடுப்பதுதான் வருமானம். நன்றி சொல்லிவிட்டு நேராக வாசலுக்கு நடந்தோம். அரண்மனை ஜம்மென்று திறந்திருந்தது. தினமும் காலை எட்டரைக்கே திறந்துவிடுகிறார்களாம்.

அநியாயமாக அதிகம் கேட்பவரைக் கண்டு நாம் உஷாராகிவிடுவோம். அநியாயமாகக் குறைவாகக் கேட்பவரிடம்தான் ஏமாறுவோம்.

அம்மாவைக் கூட்டிக்கொண்டு மலேசியா போனது 2018ல். அம்மாவுக்கு ஒரே ஆசை, பத்துமலை முருகன். கோலாலம்பூரில் டாக்சிக் கதவைப் பார்த்ததும் எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. இது மீட்டர் டாக்சி, பேரம் பேசக் கூடாது என்று மலாயிலும் ஆங்கிலத்திலும் கதவிலேயே எழுதியிருக்கிறார்கள். அந்த எழுத்துக்கு மேலே முழங்கையை ஊன்றிக்கொண்டு, தலையை வெளியே நீட்டி ஒருவர் பேரம் பேசினார் பாருங்கள், அந்தக் காட்சியை நான் படமே எடுத்து வைத்திருக்கிறேன்.

போகும்போது சமாளித்துவிட்டோம். சாமி கும்பிட்டுத் திரும்பும்போதுதான் சங்கடம். 272 படி ஏறி இறங்கியதில் அம்மாவின் முழங்கால் ஒத்துழைக்கவில்லை. வாசலில் நின்ற டாக்சிக்காரர் தமிழர். அம்மாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "நம்ம புள்ள, தமிழ்ல கேளுடி, குறைச்சுக்குவான்" என்றாள். கேட்டேன். "50 வெள்ளிம்மா. மீட்டர்லாம் போடறதில்ல" என்றார். ரிங்கிட்டை அங்கே நம்மவர்கள் வெள்ளி என்கிறார்கள். கேட்கவே அழகாக இருந்தது, தொகைதான் அழகாக இல்லை. அன்றைய கணக்கில் 850 ரூபாய்.

நான் விழித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து, பூ கட்டிக்கொண்டிருந்த ஒரு அம்மா நாரைப் பல்லில் கடித்தபடியே, "கோமுட்டர் ரயிலு இருக்கே, அதுல போங்களேன்" என்று கையைக் காட்டினார். கோயிலை ஒட்டியே ஸ்டேஷன். நகரத்துப் பெரிய ஸ்டேஷனான கே.எல். சென்ட்ரல் வரை ஒரு ஆளுக்கு 3 வெள்ளிகூட ஆகவில்லை. என்ன, ரயிலுக்குக் கொஞ்ச நேரம் காத்திருக்க வேண்டியிருந்தது. அம்மா பெஞ்சில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டாள். அந்த ஓய்வு அவளுக்கு வேண்டியதாகத்தான் இருந்தது. அந்த டாக்சிக்காரர் மேல் அவளுக்குக் கோபம்கூட இல்லை. "தமிழ்ல பேசறான், ஆனா தொழில் தொழில்தானே" என்றாள். எனக்கு அன்றைக்குத் தோன்றியது, எந்தச் சுற்றுலா இடத்துக்குப் போனாலும் வண்டி ஓட்டாத ஒருவரிடம் வழி கேட்க வேண்டும். பூக்காரர், டீக்கடைக்காரர், ஹோட்டல் காவலாளி யாராயிருந்தாலும் சரி. அவர்களுக்கு நம்மிடம் ஆக வேண்டியது ஒன்றுமில்லை.

எல்லா நேரமும் நாம்தான் நியாயஸ்தர் என்றும் நினைத்துக்கொள்ளக் கூடாது. சிங்கப்பூரில் நாத்தனார் இருக்கிறாள். அங்கே போனபோது, இரவு ஏழரை மணிக்கு ஊருக்குள் ஒரு டாக்சி பிடித்தோம். இறங்கும்போது மீட்டரில் இருந்ததைவிட அதிகம் கேட்டார் ஓட்டுநர். சூடு பட்ட பூனைகள் அல்லவா, வீட்டுக்காரர் குரலை உயர்த்திவிட்டார். அந்தப் பெரியவர் கோபப்படவே இல்லை. பொத்தானை அழுத்தி ரசீதை உருவிக் கொடுத்தார். அதில் ஒவ்வொன்றும் தனித்தனி வரியாக இருந்தது. நெரிசல் நேரத்துக்கு மீட்டரில் 25 சதவீதம் கூடுதல், சாலையில் வளைவுக்குக் கீழே போகும்போது தானாகக் கழியும் ஈ.ஆர்.பி. என்கிற சாலைக் கட்டணம். நள்ளிரவுக்கு மேல் என்றால் பாதிக்குப் பாதி கூடுதலாம். எல்லாம் அரசாங்கத்துக்குத் தெரிந்த, ஊரறிந்த கணக்கு. வீட்டுக்காரர் மன்னிப்புக் கேட்டார். நாத்தனார் இன்றும் அதைச் சொல்லிச் சிரிப்பாள்.

அதனால் இப்போதெல்லாம் ஊருக்குக் கிளம்பும் முன் என் டைரியில் ஒரு பக்கம் ஒதுக்கிவிடுகிறேன். மீட்டர் எதில் தொடங்கும், எந்தெந்தக் கூடுதல் நியாயமானது, விமான நிலையத்திலிருந்து தங்கும் இடத்துக்கு மொத்தம் எவ்வளவு. கடைசிக் கேள்வியை ஹோட்டலுக்கே மின்னஞ்சல் போட்டுக் கேட்கிறேன். கேட்கும் விதம் முக்கியம். உங்கள் வண்டி அனுப்ப எவ்வளவு என்று கேட்டால் அவர்கள் விலையைச் சொல்வார்கள். தெருவில் போகும் மீட்டர் டாக்சிக்கு சுங்கத்தோடு சேர்த்து எவ்வளவு ஆகும் என்றுதான் கேட்க வேண்டும். துபாய் மாதிரி ஊர்களுக்கு இது ஒரே வரியில் முடிந்துவிடும். விமான நிலையத்தில் ஏறினால் மீட்டரே 25 திர்ஹாமில் தொடங்கும், பதறாதே என்று எழுதிக்கொண்டேன். அங்கே எனக்கு வேறு சொல்வதற்கு ஒன்றுமில்லை.

சொல்வதற்கு நிறைய இருப்பது சைகோன். ஹோ சி மின் நகரம் என்பது பெயர், ஊர்க்காரர்கள் இன்னும் சைகோன் என்றுதான் சொல்கிறார்கள். 2023 டிசம்பரில், கல்லூரியில் படிக்கும் பையனையும் கூட்டிக்கொண்டு போனோம். அதற்குள் நான் தேறிவிட்டதாக நினைப்பு. டைரியில் மாய் லின் பச்சை வண்டி, வினாசன் வெள்ளை வண்டி, இரண்டும் நம்பலாம் என்றும் எழுதி வைத்திருந்தேன்.

வியட்நாம் காசில் சைபர்தான் பிரச்சினை. ஒரு டீ 20,000 டாங். கேட்டதும் பகீரென்று இருக்கும். 70 ரூபாய்தான். பையன் ஒரு வழி கண்டுபிடித்தான். மூன்று சைபரை வெட்டு, மிச்சத்தை மூன்றரையால் பெருக்கு, ரூபாய் வந்துவிடும். மீட்டரிலும் அந்த மூன்று சைபர் இருக்காது. 45.0 என்று காட்டினால் 45,000. இது தெரியாமல் ஏறுகிறவர்களிடம் ஒரு சைபரைக் கூடுதலாகச் சேர்த்துச் சொல்லி வாங்குவதும் உண்டு.

பென் தான் சந்தையில் சுற்றிவிட்டு வெளியே வந்தோம். நல்ல வெயில். எதிரே ஒரு பச்சை டாக்சி நின்றது. ஏறிவிட்டோம். ஹோட்டல் 2 கிலோமீட்டர்தான். பையன் முன்னால் உட்கார்ந்து போனில் வரைபடத்தைத் திறந்து வைத்திருந்தான். வண்டி நேர் வழியில்தான் போனது, சுற்றவில்லை. ஆனால் மீட்டர் ஓடிய ஓட்டம்! சிக்னலில் நிற்கும்போதும் தாவிக்கொண்டே இருந்தது. "அம்மா, மீட்டர்ல சூடு வெச்சிருக்கான்" என்றான் பையன் தமிழில். சூடு வைத்த மீட்டரைப் பார்த்து வளர்ந்த ஊரல்லவா நம்முடையது. இறங்கும்போது 120.0. நாற்பதுக்குள் முடிந்திருக்க வேண்டியது. பச்சை வண்டிதான், ஆனால் நான் எழுதி வைத்திருந்த பச்சை இல்லை. கதவில் இருந்த பெயரில் ஒரு எழுத்து வேறு.

அதோடு போயிருந்தால் 280 ரூபாய் நஷ்டத்தோடு முடிந்திருக்கும். வீட்டுக்காரர் பின் இருக்கையில் பர்ஸைத் திறந்தார். பச்சை நிற 100,000 நோட்டு ஒன்றை எடுத்துக் கொடுத்துவிட்டு, 20,000 தேடினார். எல்லா நோட்டிலும் ஹோ சி மின் முகம், நம் நோட்டில் காந்தி மாதிரி. பத்தாயிரமும் அதற்கு மேலும் உள்ளவை வழுவழுவென்று பிளாஸ்டிக், ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். 20,000 நோட்டு நீலம். 500,000 நோட்டும் நீலம்தான், கொஞ்சம் பச்சை கலந்த நீலம். வெயிலிலிருந்து வந்த கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. அவர் தடுமாறுவதைப் பார்த்த ஓட்டுநர், சிரித்துக்கொண்டே பின்னால் திரும்பி, உதவி செய்கிற மாதிரி இரண்டு விரலால் பர்ஸிலிருந்து ஒரு நீல நோட்டை உருவினார். "ஓகே, ஓகே" என்றார். நாங்கள் இறங்கும்வரை சிரிப்பு மாறவில்லை. கதவைக்கூட அவரே வந்து திறந்துவிட்டார்.

அறைக்குப் போய்க் கட்டிலில் நோட்டுகளைப் பரப்பி எண்ணியபோதுதான் தெரிந்தது, போனது 20,000 இல்லை, 500,000 என்று. 70 ரூபாய் போக வேண்டிய இடத்தில் 1,700 ரூபாய். வீட்டுக்காரர் அன்று சாயங்காலம் வரை யாரிடமும் பேசவில்லை. பையன்தான் 500,000 நோட்டுகளை எல்லாம் பொறுக்கி, ஒரு ரப்பர் பேண்ட் போட்டு, என் கைப்பையின் உள் ஜிப்பில் வைத்தான். 100,000க்குக் கீழ் உள்ளவை மட்டும் அப்பாவின் சட்டைப் பைக்கு. பர்ஸை வண்டிக்குள் திறக்கவே கூடாது என்று உத்தரவும் போட்டான். அந்த உத்தரவு இன்று வரை எங்கள் வீட்டில் அமலில் இருக்கிறது. ஒவ்வொரு நோட்டாக, தொகையை வாய்விட்டுச் சொல்லிக் கொடுக்கிறோம். "நீ கொடுத்தது சின்ன நோட்டு" என்று கையிலேயே மாற்றிவிட்டுச் சாதிப்பவர்களும் இருப்பதால், வாய்விட்டுச் சொல்வது முக்கியம். எந்த மொழியில் சொன்னாலும் பரவாயில்லை.

அன்றிலிருந்து அந்த ஊரில் பெரும்பாலும் போனில் வண்டி பதிவு செய்யும் கிராப் செயலிதான். தொகை முன்னாலேயே தெரிந்துவிடும், பேச வேண்டியதே இல்லை. ஆனால் அதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. விமான நிலையத்தில் "கிராப், கிராப்" என்று போனைக் காட்டிக்கொண்டே வருகிறவர்கள் உண்டு. நாம் பதிவு செய்த வண்டி நம்மைத் தேடிக் கூவிக்கொண்டு வராது. வண்டி எண்ணைப் பார்த்துவிட்டுத்தான் கதவில் கை வைக்க வேண்டும். செயலியில் ஏறாவிட்டாலும் அதில் காட்டும் தொகையை ஒரு தடவை பார்த்துக்கொள்வது நல்லது. தெருவில் நிற்பவரிடம் பேச அந்த எண் போதும். "எவ்வளவு?" என்று கேட்பதை நிறுத்திவிட்டு, "இந்த இடம், இவ்வளவு, சரியா?" என்று கேட்கப் பழகினேன். போனில் எண்ணைத் தட்டிக் காட்டிவிடுவேன். ஆங்கிலத்தில் 15க்கும் 50க்கும் காதில் வித்தியாசம் தெரியாது, எழுத்தில் தெரியும். தலைக்கா, வண்டிக்கா என்பதையும் விரல் விட்டுக் கேட்டுக்கொள்வேன். இறங்கும் இடத்தில் "அது ஒரு ஆளுக்கு" என்று சொல்லிவிட்டால், மூன்று பேர் குடும்பத்துக்கு அது மூன்று மடங்கு.

நிற்கும் வண்டி, ஓடும் வண்டி என்று இன்னொரு பாகுபாடு. கோயில் வாசலிலும் சந்தை வாசலிலும் இன்ஜினை அணைத்துவிட்டு நிற்பவர், வெளியூர்க்காரருக்காகவே காத்திருப்பவர். சென்னை சென்ட்ரல் வாசலில் நிற்கும் ஆட்டோவுக்கும், ரோட்டைத் தாண்டிப் போய்க் கை காட்டி நிறுத்தும் ஆட்டோவுக்கும் உள்ள வித்தியாசம் நமக்குத் தெரியாதா என்ன. எந்த ஊரிலும் ஒரு தெரு தள்ளி நடந்துவிட்டால் விலையும் இறங்கும், மீட்டரும் போடுவார்கள்.

பெட்டியை எப்போதும் டிக்கியில் போடுகிறோம், வேறு வழியில்லை. ஆனால் இறங்கும்போது மூன்று பேரும் ஒரே நேரத்தில் இறங்குவதில்லை. ஒருவர் உள்ளேயே இருக்க, மற்றவர் பெட்டியை எடுத்த பிறகுதான் காசு. பெட்டி உள்ளே இருக்கிறவரை பேரத்தில் ஓட்டுநர் கைதான் ஓங்கியிருக்கும்.

சண்டை போடுங்கள், போலீஸைக் கூப்பிடுவேன் என்று மிரட்டுங்கள் என்று தைரியம் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. தெரியாத ஊர், ராத்திரி நேரம், பின் இருக்கையில் வயசான அம்மா. 500 ரூபாய்க்காக ஓட்டுநரோடு மல்லுக்கு நிற்க நான் தயாரில்லை. கொடுத்துவிட்டு இறங்கி, வண்டி எண்ணைப் படம் எடுத்து ஹோட்டலில் சொல்லிவிடுவேன். 20, 30 ரூபாய் மேலே கேட்டால் அதற்கு முகத்தைக்கூடச் சுளிப்பதில்லை. நம் ஊரில் "மேல போட்டுக் குடுங்க" என்பவருக்குக் கொடுக்கிறோமே, அந்தக் கணக்கு. ஒன்றுக்கு நாலாகக் கேட்பதுதான் வேறு ஜாதி.

கொழும்புக்குப் போனது 2024ல். விமானத்தில் ஒன்றரை மணி நேரம்கூட ஆகாத ஊர். கடற்கரையோரக் காலிமுகத்திடலில் காற்று வாங்கிக்கொண்டிருந்தோம். ஒருவர் வந்து, உங்கள் ஹோட்டல் சமையலறையில்தான் வேலை செய்கிறேன், காலையில் பார்த்தேனே என்றார் ஆங்கிலத்தில். அப்புறம், கங்காராமய விகாரையில் இன்றைக்கு யானை ஊர்வலம், இன்றைக்கு மட்டும்தான் என்றார். தயாராக ஒரு முச்சக்கர வண்டியும் பின்னால் வந்து நின்றது. பாங்காக் பெரியவரின் தம்பி மாதிரியே இருந்தார். பையன், "எந்த ஹோட்டல்?" என்று மட்டும் கேட்டான். அவர் கடல் பக்கம் பார்த்தார். பேச்சு முடிந்தது.

அன்று மாலை வெள்ளவத்தைக்குப் போக பிக்மீ செயலியில் ஒரு வண்டி எடுத்தோம். ஓட்டுநர் தமிழர், காலி வீதி என்கிற பெரிய சாலையின் நெரிசலில் ஊர்ந்தபடியே பேசிக்கொண்டு வந்தார். இந்த யானைக் கதையைச் சொன்னதும் ஸ்டியரிங்கைத் தட்டிச் சிரித்தார். "யானை எண்டு ஏத்திக்கொண்டு போய், இறங்கேக்க ஆயிரக்கணக்கில கேப்பினம் அக்கா. றோட்டில ஓட்டோ மறிச்சால், விலையைக் கதைச்சுப்போட்டு ஏறுங்கோ. ஏறிப்போட்டுக் கதைக்கக் கூடாது" என்றார். நான் இத்தனை வருஷமாக டைரியில் பக்கம் பக்கமாக எழுதி வைத்திருந்ததை அவர் ஒரு சிக்னலில் சொல்லி முடித்துவிட்டார்.

ஊர் திரும்பிய அன்று மீனம்பாக்கத்தில் இறங்கி வெளியே வரும்போது ராத்திரி 11 மணியைத் தாண்டிவிட்டது. மெட்ரோ ஓடிக்கொண்டிருந்தால் இரண்டாவது ஸ்டேஷனில் இறங்கியிருப்போம். பெட்டிகளோடு ஜி.எஸ்.டி. ரோட்டுக்கு வந்தோம். எங்களோடு அதே விமானத்தில் வந்த கொழும்புப் பெரியவர் ஒருவர், மனைவியோடு அங்கே ஒரு ஆட்டோக்காரரிடம் பேசிக்கொண்டு நின்றார். வைத்தியத்துக்கு வந்தவர்கள். வடபழனியில் அறை எடுத்திருக்கிறார்களாம். கேட்ட தொகை 1,500.

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. என் போனில் வடபழனி போட்டு, ஆட்டோவுக்கு 340 என்று வந்ததை அவரிடம் காட்டினேன். "கதைச்சுப்போட்டு ஏறுங்கோ" என்றேன். அவர் மனைவி வாய்விட்டுச் சிரித்துவிட்டார். அவர்களுக்கு என் போனிலேயே வண்டி பதிவு செய்து, எண்ணைச் சொல்லி, ஏற்றிவிட்டு வந்தேன்.

அந்த ஆட்டோக்காரர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டேதான் இருந்தார். "ஏங்க்கா, பொழப்புல மண்ணைப் போடறீங்க?" என்றார். பிறகு எங்கள் பெட்டிகளைப் பார்த்தார். "சரி, நீங்க எங்க போகணும்?"

நங்கநல்லூர் என்றேன். 4 கிலோமீட்டர். 2013ல் அரசு போட்ட கணக்குப்படி முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதற்கு மேல் கிலோமீட்டருக்கு 12. ஆக மொத்தம் 51 சொச்சம். ராத்திரி என்பதால் ஒன்றரை மடங்கு, 77. பல வருஷம் அந்தக் கட்டணத்தைத் திருத்தவே இல்லை என்பதும், பெட்ரோல் விற்கிற விலையில் 77க்கு அர்த்தராத்திரியில் யாரும் வர மாட்டார்கள் என்பதும் எனக்குத் தெரியும். 150 என்றால் நியாயம்.

"300 குடுங்க" என்றார்.

வழக்கம்போல நடையைக் கட்டினேன். பத்தடி போனேன். பதினைந்தடி. குரல் வரவில்லை. திரும்பிப் பார்த்தேன். அவர் வண்டியில் சாய்ந்து நின்று என்னையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். அவர் பக்கத்தில் வீட்டுக்காரரும் பையனும் பெட்டிகளை ஏற்கெனவே ஏற்றி முடித்திருந்தார்கள்.